எதிரே வருகிறவள்

கண்ணை மூடியே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள் சிஸ்டர். திறந்தால் மருந்து வழிந்துவிடுமாம், திரும்ப முதலிலிருந்து போட வேண்டி வருமாம், கண்மணி நன்றாக விரியும் வரைக்கும் யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாதாம். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள். எரிகிறது. வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருக்கிறேன். வரிசையாக எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோம், கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் மாதிரி. மூடிய கண்ணுக்குள் ஒரே ஒரு இருட்டு. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கிறது. இரண்டு மாதமாக எனக்கு எல்லாமே இரண்டு. இரண்டு வாசல், இரண்டு அடுப்பு, இரண்டு புருஷன். ஒருத்தரோடு பட்டது போதாதென்று இப்போது இரண்டு பேர் என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பேரில் நிஜமானவர் என் இடது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்காமலே தெரிகிறது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம், சட்டைப் பையில் சாவிக்கொத்து உரசுகிற சத்தம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வரும்வரை பஸ்ஸில் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேசலாம். கண்மணி விரிந்ததும் டாக்டரம்மா விளக்கடித்து உள்ளே பார்ப்பாள். பார்வை நரம்பு கண்ணுக்குள் வந்து சேருகிற இடம் தட்டையாக இருந்தால் பயமில்லையாம், காத்திருக்கலாமாம். வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தமாம். எதனால ஏறும் என்று இவர் கேட்டார். பல காரணம் இருக்கு, கட்டியாக்கூட இருக்கலாம், பாத்துட்டுச் சொல்றேன் என்றாள். கட்டி. பாலில் கட்டி, மாவில் கட்டி, சின்ன வயதில் அக்குளில் ஒரு கட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டார்கள், பழுத்து உடைந்து போயிற்று. மண்டைக்குள் எதைக் குழைத்துப் போடுவது.

சின்னப் பெண்தான் டாக்டர், என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். என் முகத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு தலையை அசைக்காம இதையே பாருங்க என்றாள். வலது பக்கம் கொண்டுபோனாள், போனேன். மேலே, கீழே, எல்லாம் போனேன். இடது பக்கம் கொண்டுபோனபோது வலது கண் போயிற்று, இடது கண் நடுவில் வந்து நின்றுவிட்டது. கயிறு தீர்ந்த மாடு மாதிரி. எனக்கே அது நிற்பது தெரிந்தது. பேனா இரண்டாகி, இரண்டாவது பேனா இடது பக்கம் விலகி விலகிப் போனது. ஆறாவது நரம்பு என்றாள். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிற சதைக்கு அந்த ஒரு நரம்புதானாம், அது வேலை செய்யாவிட்டால் மற்ற சதை கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். சர்க்கரையினால் வரலாம், ரத்தக் கொதிப்பினால் வரலாம், அடிபட்டால் வரலாம், ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு வரலாம், காசநோய் மூளைவரை போனாலும் வரலாம். இன்னொன்று சொன்னாள், அதுதான் மனசிலேயே நிற்கிறது. அந்த நரம்பு மெலிசு, மூளையிலிருந்து கிளம்பி மண்டை எலும்புமேல் ஏறி வளைந்து நெடுந்தூரம் வருகிறதாம், அதனால் மண்டைக்குள் எந்த மூலையில் அழுத்தம் ஏறினாலும் முதலில் நசுங்குவது அதுதானாம். கோளாறு அங்கே இருக்காது, ஆனா மாட்டிக்கிறது இதுதான் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் எங்கே என்ன நடந்தாலும் தூரத்திலிருந்து வந்தவள் தலையில் விழும், எனக்கு அது தெரியாதா. மழையில் குடோன் சுவர் இடிந்தது, நான் அந்த மாதம்தான் கலியாணமாகி வந்திருந்தேன். ஏன் சிரிக்கிறீங்க என்றாள். ஒண்ணுமில்ல என்றேன். தலைவலி இருக்கா, முக்கியமா காலையில எந்திரிக்கும்போது? இல்ல. வாந்தி? இல்ல. இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அதனால் இல்லை என்றேன். இவர் இல்லாவிட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பொய் சொன்னால் என்ன, விளக்கடித்தால் தெரிந்துவிடப் போகிறது. நாக்கு சொன்னதைக் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

வலது பக்கத்தில் இருப்பவர் இருமுகிறார். கண்ணை மூடுவதற்கு முன்பே அவரோடு பேசியாகிவிட்டது. திருமங்கலம் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன், ஒரு இமை முழுவதும் தொங்கி மூடிக்கொண்டிருந்தது, ஒரு ஷட்டரை இறக்கிவிட்ட கடை மாதிரி இருந்தார். அவருக்கு மூன்றாவது நரம்பாம். சர்க்கரை கூடிப்போய் நரம்புக்கு ரத்தம் போகவில்லையாம், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். கண்மணி நல்லாருக்கு, அதனால பயமில்லன்னுட்டாங்கம்மா, சுகர மட்டும் கட்டுப்படுத்தச் சொன்னாங்க என்றார். பிறகு, உங்களுக்கும் சுகர்தானே என்றார். அவ்வளவு உரிமையாக, ஒரே ஊர்க்காரியை விசாரிப்பது மாதிரி. எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமை வந்தது. சர்க்கரைக்காரன்மேல் பொறாமைப்பட்ட ஒரே பொம்பளை இந்த மதுரையில் நானாகத்தான் இருப்பேன். காலையில் விரலில் குத்தி ரத்தம் எடுத்தபோது ஒவ்வொரு சாமியாகக் கேட்டேன், சர்க்கரை இருக்கட்டும், முந்நூறு இருக்கட்டும், நானூறு இருக்கட்டும், ஆயுசுக்கும் இனிப்பைத் தொடமாட்டேன். ரிசல்ட் வந்தது. சர்க்கரை நார்மல். கொதிப்பு நார்மல். சிஸ்டர் நல்ல சேதி சொல்கிற முகத்தோடு எல்லாமே நார்மல்ம்மா என்றாள். என் வாழ்க்கையில் இவ்வளவு பயமான ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. இந்தக் காரணம் இல்லை, அந்தக் காரணம் இல்லை என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தால் கடைசியில் எந்தக் கதவு திறந்திருக்கும். தலைக்குப் பின்புறம் ஏதோ நகர்வது போல் இருக்கிறது. நகரவில்லை. நான்தான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் வலிக்கிறது, வலித்தால் நினைக்கிறேன். அங்கே ஒன்று உட்கார்ந்திருக்கிறதென்றால் நான் நினைப்பது அதற்குக் கேட்குமா.

இவர் போன் அடிக்கிறது, கடையிலிருந்து. எழுந்து போய்ப் பேசுவார் என்று நினைத்தேன், உட்கார்ந்தே பேசுகிறார். இன்னும் போணி ஆகலையா என்கிறார். மெதுவாகத்தான் கேட்கிறார், ஆனால் கண்ணை மூடியிருக்கிறவளுக்குக் காது இரண்டு மடங்கு. மணி பதினொன்று தாண்டியிருக்குமே, இன்னும் பாத்திரக்கடையில் முதல் வியாபாரம் ஆகவில்லை. சரி சரி, நாளைக்கு வந்துருவோம் என்கிறார். வந்துருவோம். அந்த ஓம் இருக்கிறதே, அதில்தான் நான் இருக்கிறேன். முன்பெல்லாம் வந்துருவேன் என்றுதான் சொல்வார். முன்பெல்லாம் இவர் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வேன். வந்த புதிதில் ஒருநாள் தெரியாமல் எதிரே வந்துவிட்டேன், கையில் வெறும் குடம் வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பப் போனார். ஒன்றும் திட்டவில்லை. அந்த வாரத்தில்தான் மாமனார் மார்வலி வந்து போய்ச்சேர்ந்தார். அதற்கப்புறம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் என் கால் தானாக அடுக்களைக்குப் போகும். கதவிடுக்கில் அவர் முதுகு போவதைப் பார்ப்பேன். புருஷனை முன்புறமாகப் பார்த்து வழியனுப்பாத பொண்டாட்டி. என் மகள் பிறந்து, வளர்ந்து, காலேஜ் விடுதிக்குப் போகும் வரைக்கும் அப்படித்தான். அவர் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு குறை சொல்ல முடியாது. இந்தா என்பார். இந்தா, தண்ணி. இந்தா, சட்டை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவும் சகுனத்தடை என்று நினைத்தாரோ என்னவோ. செண்பகவல்லி என்று ரேஷன் கார்டில் இருக்கிறது.

அப்புறம் இந்தக் கண். ஆடி பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. காலையில் பால் பொங்கி வருகிறது, இரண்டு பாத்திரத்தில் பொங்குகிறது, இல்லாத பாத்திரத்தை நான் பிடித்து இறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டேன். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்று, திறந்தால் இரண்டு. பயந்துபோய் வெளியே ஓடிவந்தேன், வாசற்படி இரண்டாக இருந்தது, எது நிஜமென்று தெரியாமல் தடுமாறி நேரே அவர் மேல் போய் மோதினேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். வருஷக்கணக்கில் அப்படிப் பார்த்ததில்லை. திரும்ப உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கலியாண மண்டபத்துக்காரர் வந்து அண்டா, தவலை, கரண்டி, டம்ளர் என்று மண்டபத்துக்கே மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ராத்திரி நாத்தனார் ராஜகனி வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். மாறுகண்ணு விழுந்திருக்குடா தம்பி, இது அதிர்ஷ்டக் கண்ணு, எத்தனையோ பேருக்குப் பிறவியிலயே வேணும்னு கேட்டாலும் கிடைக்காது என்றாள். மறுநாள் காலையில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. என் கால் அடுக்களைக்குப் போயிற்று. வாசலிலிருந்து அவர் கூப்பிட்டார். செண்பகம், கொஞ்சம் எதிர வா. நான் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நிறைகுடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், சுற்றி, எதிரே வந்தேன். அவர் இரண்டு பேராக நின்றார், இரண்டு பேருமே சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியதில் நான்கு பேரானார்கள்.

அதிலிருந்து தினமும். ஆடி மாதம், வழக்கமாகப் பாத்திரக்கடையில் ஈ ஓட்டுகிற மாதம், இந்த வருஷம் ஈ ஓட்ட நேரமில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். முதல் பில்லை நான் கொடுக்க வேண்டும். கடைத்தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள், கொஞ்சம் தலையைத் திருப்பினால்தான் எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும், அதனால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன், மணமேடைப் பெண் மாதிரி இருக்காங்க அண்ணாச்சி என்று எதிர்க்கடைக்காரர்கூடச் சொன்னார். வெளியே போய்வந்தால் அல்வா வாங்கிவருவார். விடிகாலை எழுந்ததும் தலை பிளக்கும், குனிந்தால் கண் இருண்டு வரும். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுப்பேன். முகம் கழுவி, பொட்டு வைத்து, குடத்தை எடுத்துக்கொண்டு எதிரே போவேன். எனக்குத் தெரியும். இது அதிர்ஷ்டம் இல்லை, நோவு என்று எனக்கு முதல் வாரமே தெரியும். அதிர்ஷ்டம் யாரையாவது இப்படிக் குமட்டுமா. ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் மருந்து, மருந்து என்றால் கண் நேராகும், நேரானால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும்போது நான் எங்கே நிற்பேன். இவ்வளவுதான் என் கணக்கு. படிக்காதவள் கணக்கு என்று சிரிக்கலாம், பத்தாவது வரை படித்திருக்கிறேன். மனுஷியாக மதித்து ஒருத்தர் எதிரே வரச்சொல்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு வலிக்கலாம் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது.

மகளால்தான் வந்தோம். பவதாரணி வீடியோவில் பார்த்துவிட்டு, நேராப் பாரும்மா, என்னைப் பாரும்மா என்றாள், உன்னைத்தான்டி பாக்கறேன் என்றேன். அவள் முகம் மாறியது, இரண்டு முகமும் மாறியது. அப்பாவுக்குப் போன் போட்டு அதிர்ஷ்டமும் இல்ல மண்ணும் இல்ல, நாளைக்கே கூட்டிட்டுப் போகலைன்னா நான் படிப்ப விட்டுட்டு வந்துருவேன் என்றாளாம். இன்று காலை இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். சேர்ந்து கிளம்பினால் யார் யாருக்கு எதிரே வருவது. வாசலில் அவர் ஒரு நிமிஷம் தயங்கினார், நானும் தயங்கினேன், பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அதுதான் இன்னும் போணி ஆகவில்லை. நான் இல்லாமலே போனால், இப்படித்தான் தினமும் ஆகுமா. செத்துப்போனால் என்று சொல்ல மனசு வரவில்லை, இல்லாமல் போனால் என்று சொல்லிக்கொள்கிறேன். மாலை போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டுவார். எந்தப் போட்டோ? பழையதா, கண் திரும்பிய பிறகு எடுத்ததா? கடையில் எடுத்தது ஒன்று இருக்கிறது, அதைத்தான் மாட்டுவார். அதில் நான் நன்றாக இருப்பேன். ஐயோ, என்ன இது, என்னென்னவோ ஓடுகிறது. பவதாரணிக்கு யார் இருக்கிறார்கள். அவள் கலியாணத்தில் யார் நிற்பார்கள், ராஜகனியா. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. அதை விடப் பயமாக இருப்பது எது என்று கேட்டால் சொல்ல வாய் கூசுகிறது, நேராகிப் பிழைத்துக் கிடப்பது. திரும்ப அந்தக் கதவிடுக்கு. திரும்ப அவர் முதுகு. சாகாமலும் இருக்க வேண்டும், நேராகாமலும் இருக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு வைத்தியம் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னதில் எல்லாமே நேராக்குகிற வழிதான். இரட்டையாகத் தெரியாமலிருக்க ஒரு கண்ணை மூடிக் கட்டுவது. கண்ணாடியில் வரிவரியாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது. உள்ளே இழுக்கிற சதையில் ஊசி போட்டு அதைத் தளர்த்துவது. அப்படியும் வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்து சதையை மாற்றித் தைப்பது. சட்டை தைக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சிஸ்டர் வருகிறாள், செருப்புச் சத்தம், இமையை விரித்து டார்ச் அடிக்கிறாள். விரிஞ்சிருச்சு, வாங்க என்கிறாள். இவ்வளவு சீக்கிரமா. இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இருட்டறை. நாடியை ஒரு கிண்ணம் மாதிரியான இடத்தில் வைக்கச் சொல்கிறாள் டாக்டர். இவர் என் இடது பக்கம் வந்து நிற்கிறார், மூக்கை உறிஞ்சுகிறார். வெளிச்சம் உள்ளே வருகிறது, அடுப்புக்குள் முகத்தை வைத்த மாதிரி வெள்ளையாக எரிகிறது. டாக்டரின் மூச்சு என் கன்னத்தில் படுகிறது. இடது கண்ணைப் பார்க்கிறாள். வலது கண்ணைப் பார்க்கிறாள். திரும்ப இடது கண்ணுக்கு வருகிறாள், ஏன் திரும்ப வருகிறாள். கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற பெண்கள் இரண்டாம் முறை தட்டினால் ஓட்டை என்று அர்த்தம். அம்மா, உண்மையைச் சொல்லுங்க, காலையில தலைவலி இருக்குல்ல என்கிறாள். வெளிச்சத்துக்குள் இருந்துகொண்டு பொய் சொல்ல வரவில்லை. இருக்கு என்கிறேன். வாந்தி? வருது. இடது பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் நின்றுவிட்டது. அவள் விளக்கை அணைக்கிறாள். ரெண்டு கண்ணுலயும் வீக்கம் இருக்கு, இன்னிக்கே தலைக்கு ஸ்கேன் எடுக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், நேரா அங்க போயிருங்க, வீட்டுக்குப் போகாதீங்க என்கிறாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறாள். எனக்கு எல்லாம் கேட்கிறது. எதுவும் புதிதாக இல்லை, இது எனக்கு ஆடியிலிருந்தே தெரியும். இவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருக்கிறேன். பிழைச்சுக்குவாளா என்று கேட்கலாம். அந்த இன்னொரு கேள்வியைக்கூடக் கேட்கலாம். இரண்டுக்கும் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் எதையும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுவிடுகிறேன்.

"கண்ணு நேராயிடுமா டாக்டர்?"

அவள் குனிந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பாவம், அவளுக்கு வேறெதுவும் தெரியாது.

"கண்டிப்பா நேராயிடும்மா. உள்ள அழுத்தம் குறைஞ்சாலே பெரும்பாலும் தானா நேராயிடும். அப்படியே இல்லைன்னாலும் ஆபரேஷன் இருக்கு. நேராக்காம விடமாட்டோம், கவலைப்படாதீங்க."

அழுகிறேன். நல்ல சேதி கேட்டு அழுகிறாள் என்று சிஸ்டர் என் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். நேராயிடும் என்று அவள் சொன்னபோது இவர் முகம் எப்படி இருந்தது, அதை மட்டும் எனக்குப் பார்க்க வேண்டும், ஸ்கேனில் வருவது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். மருந்து போட்டு விரிந்த கண், விளக்குப் பட்ட கூச்சம் வேறு. இரண்டு முகம் இருக்கிறது. இரண்டும் கலங்கலாக இருக்கிறது, ஒன்றிலும் ஒன்றும் தெரியவில்லை.